மெல்பேர்னுக்குப் போனவனுக்கு ஒரு நிமிட மௌனம்

யோகேஸ்வரனுக்கு இடுப்பு நாரி விட்டுப்போயிருந்தது. குளிரறையில் உறைந்த கோழிப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அடுக்குகிறவனுக்கு நாரி என்பது வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றி வைக்க முடியாத ஒரு மேலதிகாரி. சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவன் சப்பாத்தையும் கழற்றாமல் ஹோல் தரையில் மல்லாக்கப் படுத்து, இரண்டு காலையும் கதிரையின் மேல் தூக்கிப் போட்டபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நெஞ்சின் மேல் வைத்திருந்த ஃபோன் அதிர்ந்தது. மேற்குச் சிட்னி முத்தமிழ் பேஸ்போல் கழகம் அருந்தவனுக்கு எதிராகக் கண்டனக் கூட்டம் கூட்டுகிறதாம். வரவு கட்டாயமாம்.

“போகாதேங்கோ,” என்றாள் நாகேஸ்வரி குசினியிலிருந்து. “அவன் எங்கட பின்னறையில இருந்தவன். உங்களைத்தான் பிடிச்சு உலுப்பப் போறாங்கள்.”

“போகாட்டிச் சந்தேகப்படுவாங்கள்.”

“போனாலும் சந்தேகப்படுவாங்கள்.”

“அப்ப முகத்துக்கு நேர படட்டும்,” என்று சொல்லிவிட்டு யோகேஸ்வரன் கதிரையைப் பிடித்து எழும்பினான்.

முத்தமிழுக்கும் பேஸ்போலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஊரில் இவர்கள் விளையாடியது எல்லே. மட்டையும் பந்தும் ஓட்டமும் உள்ள விளையாட்டு. இங்கே மாநகரசபையிடம் மைதானம் கேட்கப் போனபோது எல்லே என்றொரு விளையாட்டு அவர்களுடைய கணினியில் இருக்கவில்லை. பேஸ்போல் இருந்தது. இரண்டும் அடிப்படையில் ஒன்றுதான் என்று தலைவர் செந்தில்நாதன் மாஸ்டர் விளக்கத் தொடங்கினார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், விளக்கத் தொடங்கினால் நிற்பாட்டமாட்டார். சபை உத்தியோகத்தர் களைத்துப்போய் மைதானத்தைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் விளக்கேற்றல், மௌன வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை. எதிரணிப் பெடியள் பாவம், இது ஏதோ பேஸ்போலின் பழைய சம்பிரதாயமாக்கும் என்று நினைத்துத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். பிரதம விருந்தினர் முடிக்கும்போது அவர்களில் பாதிப் பேருக்கு மட்டையைத் தூக்கத் தெம்பிருக்காது. கழகத்தின் பல வெற்றிகளுக்கு அதுதான் காரணம் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு.

மிச்ச வெற்றிகளுக்குக் காரணம் அருந்தவன். பள்ளிக்கூடம் முடிக்க முதலே படகில் வந்தவன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இடைக்கால விசா. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி வர முடியாது. அவன் அடித்தால் பந்து மைதான வேலிக்கு அப்பால் போய் விழும், அதைத் தேடிப் போக ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். அவன் போன மாதம் மெல்பேர்ன் பக்கம் வெரிபீயில் உள்ள ஒரு கழகத்துக்குப் போய்விட்டான்.

கூட்டத்துக்கு முதலே பென்டில் ஹில் பலசரக்குக் கடையில் விசாரணை நடந்துகொண்டுதான் இருந்தது. கழகப் பொருளாளர் இந்திரகுமார் முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் அருந்தவனின் கொண்ட்ராக்டை விபரித்தார். முதல் வாரம் அது வாடகையில்லாத அறை. அடுத்த வாரம் அறை வீடாகிவிட்டது.

“புது எஸ்டேட்டில நாலு அறை வீடாம். கராச்சோட.”

“கராச்சுக்குள்ள காரும் நிக்குதாம்,” என்றார் பயறு நிறுத்துக்கொண்டிருந்தவர்.

“கார் மட்டுமே? பொம்பிளையும் பாத்து வைச்சிருக்கிறாங்களாம்.”

“பொம்பிளை பல் டொக்டராம்,” என்றார் அதுவரை ஒன்றும் பேசாமல் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர்.

எல்லோரும் யோகேஸ்வரனைப் பார்த்தார்கள். இந்திரகுமார் ஒரு முருங்கைக்காயை முறித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “உமக்குத் தெரியாமல் இருக்காது, யோகேஸ்.”

“எனக்குத் தெரிஞ்சது, போகேக்கை என்ர பழைய சூட்கேசைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவன்.”

“பாத்தியளே! சூட்கேஸ் என்னத்துக்கு?”

“உடுப்பு வைக்க.”

“உடுப்பு வைக்க எண்டு அவன் உமக்குச் சொன்னவன்,” என்று இந்திரகுமார் குரலைத் தாழ்த்தினார்.

கொண்ட்ராக்டைவிட அவனுடைய குணம்தான் அதிகம் அடிபட்டது. தலைக்கனம் பிடித்தவன். விளக்கேற்றும்போது தொப்பியைக் கழற்றாதவன். பிரதம விருந்தினர் பேசும்போது ரோல்ஸ் தின்றவன். ஒருமுறை தலைவர் பொன்னாடை போர்த்தப் போனபோது, “மாஸ்டர், முதல்ல விளையாடுவம்,” என்று சொன்னவன். இந்தக் கடைசிக் குற்றத்தைச் சொல்லும்போது கடையில் நின்றவர்கள் வாயில் கைவைத்தார்கள்.

கண்டனக் கூட்டம் ஒன்றைக் கழகம் அதுவரை நடத்தியதில்லை. ஊடகச் செயலாளர் பிரதீப்குமார் தமிழ்நாட்டுக்காரர், மென்பொருள் கம்பெனியில் வேலை, எதையும் ஒழுங்காகச் செய்ய விரும்புகிறவர். “சார், கண்டனத்துக்கு நம்மகிட்ட டெம்ப்ளேட் இல்லை,” என்று அவர் முதலே சொல்லியிருந்தார். “கடைசியா நடந்த நிகழ்ச்சியோடதை எடுத்துப் பேரை மட்டும் மாத்திடறேன்.” கடைசியாக நடந்தது தலைவருடைய மாமனாரின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டம். ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்த யோகேஸ்வரன் வாசலிலேயே நின்றுவிட்டான். மேடையில் மேசை, மேசையில் வெள்ளைத் துணி, துணியின் மேல் அருந்தவனின் பெரிய படம். அவன் சிரிக்காத படம். வேறு படம் இல்லை, அவன் ஒன்றிலும் சிரித்ததில்லை. படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. மண்டபத்தில் புகை மணி இருப்பதால் நெருப்புக்குப் பதில் பற்றரியில் எரியும் மஞ்சள் குமிழ்கள். படத்துக்குக் கலாசாரச் செயலாளர் விமலா அன்ரி மல்லிகை மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

“அன்ரி, மாலை என்னத்துக்கு?”

“படமும் வைச்சு விளக்கும் வைச்சா மாலை போடாமல் என்ன தம்பி செய்யிறது? வெறுங் கழுத்தோட விடுறதே?” விமலா அன்ரி மாலையின் இரண்டு பக்கமும் சரியாகத் தொங்குகிறதா என்று பின்னால் போய் நின்று பார்த்தார். “கண்டிக்கிறதெண்டாலும் ஒரு முறை இருக்குத்தானே.”

விளக்கேற்றினார்கள். ஒரு நிமிட மௌன வணக்கத்துக்கு எழும்பினார்கள். பிரதீப்குமார் ஓடித் திரிந்து படம் பிடித்தார். தலைகுனிந்த சபை, மாலை போட்ட அருந்தவன், குமிழ் விளக்கு, எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தது. பிறகு தலைவர் எழும்பினார்.

“அன்பார்ந்தவர்களே! நாங்கள் அருந்தவனுக்கு என்ன குறை வைச்சம்? வருஷம் தவறாமல் பொன்னாடை போர்த்தினம். சம்பளம் கேட்டான். குடுத்தமா? குடுக்கேல்லை. ஏன்? காசு நடுவில வந்தால் அன்பு கெட்டுப்போகும். அந்த அன்பைக் காப்பாத்தினது ஆர்? நாங்கள். தோள் நோகுது எண்டான். நாங்கள் அவனைக் கைவிட்டமா? இல்லை. அடுத்த ஆட்டத்தில முழுப் பந்தும் அவனைத்தான் எறிய விட்டம். ஒரு கழகம் ஒரு பிள்ளையில இதைவிட நம்பிக்கை வைக்கேலுமே? ஆனால் அவன் எங்களைப் பற்றி யோசிச்சவனா? தன்ர தோளைப் பற்றி யோசிச்சான். இதைத்தான் நான் சுயநலம் எண்டு சொல்லுறன்.”

கை தட்டினார்கள். யோகேஸ்வரனும் தட்டினான். தட்டாத கையை அந்தச் சபையில் கவனிப்பார்கள்.

பிறகு அவனை முன்னால் அழைத்துக் கதிரை போட்டார்கள். இந்திரகுமார் கேட்டார்.

“உங்கட வீட்டில இருக்கேக்கை அவன்ர நடத்தையில ஏதும் வித்தியாசம் கண்டனீரோ?”

“இல்லை. வேலைக்குப் போவான், வந்து சாப்பிடுவான், படுப்பான்.”

“ஒரு வித்தியாசமும் இல்லை?”

“இல்லை.”

இந்திரகுமார் சபையைப் பார்த்துத் திரும்பினார். “கடைசி நாள் வரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாமல் இருந்திருக்கிறான். எவ்வளவு திட்டமிட்டிருந்தால் இப்பிடி இருப்பான்?”

சபை முணுமுணுத்தது. அருந்தவன் கண்டிக்கப்பட்டான். யோகேஸ்வரன் கண்காணிப்பில் வைக்கப்பட்டான். கண்காணிக்கும் பொறுப்பு இந்திரகுமாருக்கு. அடுத்த நாள் தொடக்கம் அவர் பின்னேரங்களில் யோகேஸ்வரன் வீட்டுக்கு வந்து ஹோலில் இருந்து தேத்தண்ணி குடித்துக் கண்காணித்தார். நாகேஸ்வரி சமைத்தால் சாப்பிட்டும் கண்காணித்தார்.

பிரதீப்குமார் போட்ட படம் கழகத்தின் முகநூலில் இரண்டே வரியோடு வந்தது. “எமது நட்சத்திர வீரர் அருந்தவன். ஒரு நிமிட மௌனத்துடன் கூட்டம் ஆரம்பமானது.” டெம்ப்ளேட்டின்படி அடியில் ஒரு தாமரைப் பூவும் இருந்தது.

முதல் அனுதாபம் டொரன்டோவிலிருந்து வந்தது. பிறகு லண்டன், ஒஸ்லோ, பாரிஸ். ஆழ்ந்த அனுதாபங்கள், ஆத்மா சாந்தியடையட்டும், இளம் வயதில் இப்படியா. என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் மாரடைப்பு என்று எழுதினார். மூன்றாமவர், அல்ல, மெல்பேர்ன்காரர் விளையாடவைத்தே கொன்றுவிட்டார்கள் என்று எழுதினார். இந்திரகுமார் யோகேஸ்வரன் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே எழுதினார்: “பொன்னான பிள்ளை. தலைக்கனம் என்றால் என்னவென்றே தெரியாதவன். ரோல்ஸ் என்றால் விருப்பம்.” எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

“அண்ணை, அவன் சாகேல்லையே,” என்றான் யோகேஸ்வரன்.

“அது எனக்கும் தெரியும். அதுக்காக ஒரு நல்ல வார்த்தை எழுதக்கூடாதோ?”

தலைவர் செந்தில்நாதன் மாஸ்டர் ஒவ்வொரு அனுதாபத்துக்கும் தனித்தனியே நன்றி எழுதினார். நன்றி சொல்லாமல் விடுவது பண்பல்ல என்பது அவருடைய கொள்கை.

கிழமை நடுவில் அருந்தவன் யோகேஸ்வரனுக்கு ஃபோன் எடுத்தான்.

“அண்ணை, நான் செத்துப்போனனாம்.”

“ஓமடாப்பா, பாத்தனான். பேய்க் கூட்டம். நீ எப்பிடி இருக்கிறாய்? வீடு, கார் எல்லாம்...”

“என்ன வீடு? கோழி வெட்டுற ஃபக்டரியில வேலை, மூண்டு பேரோட ஒரு அறை. இஞ்சை விளையாடத் தொடங்க முதல் ஒருத்தரும் பேசுறேல்லை, அண்ணை. வந்த உடன விளையாட்டு. அதுதான் கொண்ட்ராக்ட்.” அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “செய்தி ஊரில அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது.”

யோகேஸ்வரன் கட்டிலில் இருந்தான்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளை படத்தைக் காட்டியிருக்கு. அம்மா நிலத்தில இருந்திட்டாவாம். நான் ஃபோன் எடுத்தனான். வீடியோவிலயும் வந்தனான். நம்புறா இல்லை. குரலை மெஷினில செய்வினம், வீடியோவும் செய்வினம் எண்டு அதே பிள்ளை சொல்லிவைச்சிருக்கு. ‘தம்பி, நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது, என்னை ஆறுதல்படுத்தப் பாக்கிறீர், நல்லாயிருப்பீர்’ எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டா.”

“பெத்த பிள்ளையின்ர குரல் தெரியாதே?”

“பெரியண்ணையின்ர கதை உங்களுக்குத் தெரியும்தானே. அவன் காணாமல் போனபிறகு ஊரே வந்து ‘இருக்கிறான் அம்மா, இருக்கிறான்’ எண்டுதான் சொன்னது. வருஷக்கணக்காச் சொன்னது. இப்ப ஒருத்தர் வந்து உங்கட பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டால் அவவுக்கு அதுக்கு ஒரே அர்த்தம்தான், ஆள் இல்லை எண்டு.”

யோகேஸ்வரன் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“அவ ஒரே ஒரு ஆளைத்தான் நம்புவா, அண்ணை. மாஸ்டர். பெரியண்ணைக்குக் கணக்குப் படிப்பிச்சவர். ‘மாஸ்டர் நன்றி எழுதியிருக்கிறார், அவர் பொய் எழுதமாட்டார்’ எண்டு சொல்லுறா. மாஸ்டர் எடுத்து ஒரு வசனம் சொன்னால் போதும். எனக்கு அங்க போக ஏலாது. உங்களுக்குத் தெரியும்.”

“நான் கதைக்கிறன். ஒரு வசனம்தானே,” என்றான் யோகேஸ்வரன். அப்போது அவன் அதை உண்மையாகவே நம்பினான்.

வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடிந்து தலைவர் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது யோகேஸ்வரன் விஷயத்தைச் சொன்னான். மாஸ்டர் ஒரு காலில் செருப்போடு நின்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“பாவம் அந்த மனுசி,” என்றார். “கட்டாயம் எடுக்க வேணும்.”

“இப்பவே எடுப்பம் மாஸ்டர். நம்பர் இருக்கு.”

“இப்ப எடுத்தால் நான் ஆராக எடுக்கிறன்? தனி மனுசனாகவா, தலைவராகவா? தலைவராக எடுக்கிறதெண்டால் கழகத்தின்ர நிலைப்பாடு என்னெண்டு எனக்குத் தெரிய வேணும்.”

“நிலைப்பாடு என்ன மாஸ்டர், அவன் உயிரோட இருக்கிறான்.”

“அது உம்மட நிலைப்பாடு,” என்று மாஸ்டர் மற்றச் செருப்பைக் கண்டுபிடித்தார். “அவன் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுறான். சொல்லுறதால அவனுக்கு என்ன லாபம் எண்டு யோசிச்சனீரோ? இதுக்குப் பின்னால மெல்பேர்ன்காரர் இல்லை எண்டு என்ன நிச்சயம்?”

நிர்வாகக் குழு கூடியது. யோகேஸ்வரன் கண்காணிப்பில் இருந்ததால் கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருத்தினார்கள். கதவு சாத்தவில்லை. அருந்தவன் உயிரோடு இருக்கிறானா என்பது அன்றைய நிகழ்ச்சி நிரலில் நாலாவது விடயம். அதற்கு முன்னால் ரோல்ஸின் அளவு, தொப்பியின் நிறம், விளக்குக்குப் புதுப் பற்றரி ஆகியவை விவாதிக்கப்பட்டன.

“சார், அவர் எனக்கு வாட்ஸ்அப்ல வந்தார். உயிரோடதான் இருக்காரு,” என்றார் பிரதீப்குமார். “போஸ்ட்டை எடுத்துடலாமா?”

“எடுத்தால் அனுதாபம் தெரிவிச்ச அவ்வளவு பேரையும் அவமதிச்ச மாதிரி,” என்றார் தலைவர். “பிரதீப், உங்களுக்கு எங்கட ஆக்களின்ர உணர்வு தெரியாது.”

“ஆமா சார், தெரியாதுதான். ஆனா அந்த அம்மா...”

“அவவுக்காகத்தான் நாங்கள் சரியாச் செய்யப் பாக்கிறம்.”

சாட்சியம் தேவை என்று முடிவாயிற்று. அருந்தவன் தான் உயிரோடிருப்பதாகச் சத்தியக் கடதாசி எழுதி, ஜேபி எனப்படும் சமாதான நீதவான் ஒருவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். வட்டாரத்தில் தமிழ் தெரிந்த ஜேபி செந்தில்நாதன் மாஸ்டர் ஒருவர்தான். ஆனால் தலைவராக இருப்பதால் இதில் கையெழுத்து வைப்பது முறையில்லை என்று மாஸ்டரே சுட்டிக்காட்டினார். அவருடைய நேர்மையைக் குழு பாராட்டியது. அவன் தங்களுடைய வீரன்தான் என்று வெரிபீக் கழகம் எழுதித் தரட்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். ஆளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடத்தான் சிட்னிக்காரர் தூண்டில் போடுகிறார்கள் என்று சந்தேகித்த வெரிபீக்காரர்கள், எங்கள் வீரர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பது பற்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை என்று பதில் அனுப்பினார்கள்.

“பாத்தியளே!” என்றார் இந்திரகுமார். “அவங்களே உறுதியாச் சொல்லுறாங்கள் இல்லை.”

இதற்கிடையில் வீடு விற்கும் நிறுவனம் ஒன்று அருந்தவன் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்குக் காசு போட்டு அனுசரணை தர முன்வந்திருந்தது. உயிரோடு இருந்த வருஷங்களில் அவனுடைய பெயரில் கழகத்துக்கு ஒரு தண்ணிப் போத்தல்கூடக் கிடைத்ததில்லை.

யோகேஸ்வரன் கதவுக்குள் தலையை நீட்டினான். பேசக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். “ஒரு வசனம் மாஸ்டர். வேற ஒண்டும் வேண்டாம். அந்த மனுசி சாப்பிடாமல் கிடக்குதாம்.”

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆளை நேரில முன்னிலைப்படுத்தட்டும். கிண்ணப் போட்டியண்டைக்கு அவன் மைதானத்துக்கு வரட்டும். என்ர கண்ணால கண்டால் நான் அங்கேயே, சபைக்கு முன்னால, தாயோட கதைக்கிறன். இது என்ர வாக்கு.”

யோகேஸ்வரன் அந்த வாக்கை அப்படியே வெரிபீக்கு எடுத்துச் சொன்னான். “மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான்,” என்று தன் பங்குக்கு ஒரு வசனமும் சேர்த்தான். அருந்தவன் ஃபக்டரியில் லீவு கேட்டான். கிடைக்கவில்லை. லீவில்லாமலே பஸ் ஏறினான்.

கிண்ணப் போட்டியன்று மைதான வாசலில் அவனுடைய முகம் ஒரு லொறி அகலத்துக்குப் பதாகையில் தொங்கியது. அவன் அதற்குக் கீழே நின்று நுழைவுச் சீட்டு வாங்கினான். மேசையில் இந்திரகுமார்.

“அருந்தவன்ர சாடை இருக்குது. சொந்தமோ?”

“நான்தான் அண்ணை.”

“இண்டைக்கு எல்லாரும் அவனுக்குச் சொந்தம் எண்டுதான் வருகினம்,” என்று பெருமூச்சு விட்டு இந்திரகுமார் சில்லறை கொடுத்தார். கொடுத்த பிறகு நிமிர்ந்து பார்த்தார். பதாகையைப் பார்த்தார். திரும்ப அவனைப் பார்த்தார். “தம்பி, கடைசி வரிசையில இரும். முன்னுக்கு விருந்தினர் வருகினம்.”

யோகேஸ்வரன் விடவில்லை. அவனைக் கையில் பிடித்து முன்னுக்குக் கொண்டுபோய் இரண்டாவது வரிசையில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தான். விமலா அன்ரி தாம்பாளத்தோடு வந்தவர் அருந்தவனைக் கண்டு நின்று, அவனுடைய தோளைத் தொட்டுப் பார்த்தார். “மெலிஞ்சு போனாய், அப்பன்,” என்றார். மேடைப் படத்துக்கு மாலை போடுவதா விடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, வாங்கிவந்த மாலை வீணாகக் கூடாது என்று போட்டார்.

ஒரு நிமிட மௌனத்துக்கு எல்லோரும் எழும்பினார்கள். அருந்தவனும் எழும்பித் தலைகுனிந்து நின்றான். இந்த முறை தொப்பியைக் கழற்றியிருந்தான்.

தலைவர் பேசினார்.

“அவன் உயிரோட இருக்கேக்கை நாங்கள் அவனைச் சரியாப் புரிஞ்சுகொள்ளேல்லை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெக்கமில்லை. அதுக்குக் காரணம் அவன் உயிரோட இருந்ததுதான். உயிரோட இருக்கிறவன் சம்பளம் கேப்பான், லீவு கேப்பான், தோள் நோகுது எண்டுவான். நாங்கள் என்னெண்டு அவன்ர பெருமையைப் பாக்கிறது? இண்டைக்கு அவன் ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்குத்தான் அவன் முழுமையாக எங்கட வீரன். இனி அவனை ஒரு மெல்பேர்ன்காரனும் எங்களிட்டை இருந்து பறிக்க ஏலாது!”

அனுசரணையாளர் எழும்பி நின்று கைதட்டினார். சபையும் எழும்பியது. கைதட்டல் ஓய முதல் யோகேஸ்வரன் நாரியைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் ஏறினான். பின்னால் அருந்தவன், கையில் ஃபோன், ஃபோனில் மாஸ்டர் பேசுவார் என்று காத்திருக்கும் அவனுடைய தாய்.

“மாஸ்டர், ஆள் இந்தா. கண்டுட்டியள். வாக்குத் தந்தனீங்கள்.”

மாஸ்டர் அருந்தவனைப் பார்த்தார். அடையாளம் கண்டார். கண்டதை மறைக்கவும் இல்லை. “வந்திட்டியா அப்பன்,” என்று மெல்லச் சொன்னார். பிறகு ஃபோனை வாங்கி, பழக்கத்தில் அதை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தார். மைதானம் முழுக்க அந்தத் தாயின் மூச்சுக் கேட்டது.

“மாஸ்டரோ?”

“ஓம் அம்மா. செந்தில்நாதன்தான்.”

“மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. ஆரார் எல்லாமோ எடுத்து என்ர பிள்ளை இருக்கிறான் இருக்கிறான் எண்டு சொல்லுகினம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பயமாக் கிடக்கு. நீங்கள் சொன்னா நான் நம்புவன். என்ர அருந்தவன் இருக்கிறானோ?”

எதிரணிப் பெடியள்கூட ஏதோ முக்கியமான கட்டம் என்று விளங்கி அமைதியாக நின்றார்கள். மாஸ்டர் பதாகையைப் பார்த்தார். முன்வரிசையில் அனுசரணையாளரைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். நாற்பது வருஷம் மேடையில் பேசியவர் அவர். கையில் ஒலிவாங்கியும் எதிரில் சபையும் இருக்கும்போது ஒரு சின்ன வசனத்தைச் சின்ன வசனமாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“அம்மா,” என்றார். “அருந்தவன் சாகவில்லை.”

யோகேஸ்வரன் மூச்சை விட்டான்.

“அருந்தவனுக்குச் சாவே கிடையாது!” மாஸ்டரின் குரல் எழும்பியது. “அவன் எங்கள் ஒவ்வொருவருடைய இதயத்திலும் என்றென்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறான்!”

சபை கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். யோகேஸ்வரன் ஃபோனைப் பறிக்கக் கையை நீட்டுவதற்குள் கைதட்டலின் நடுவே அந்தப் பக்கத்துக் குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது.

“ஓம் மாஸ்டர். விளங்குது.”

லைன் வெட்டுப்பட்டது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அவள் எடுக்கவில்லை.

“நான் என்ன பிழையாச் சொன்னனான்?” என்று மாஸ்டர் உண்மையாகவே கேட்டார். “சாகவில்லை எண்டுதானே தெளிவாத் தொடங்கினனான்?”

அருந்தவன் ஃபோனைத் திருப்பி வாங்கினான். சத்தம் போட்டிருந்தால் யோகேஸ்வரனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மேடையை விட்டு இறங்கி, வாசல்வரை வந்து, அங்கேதான் வாய் திறந்தான். “இனி அம்மா எனக்கு எட்டுச் செலவுச் சடங்கும் செய்வா, அண்ணை.”

“நான் அவரிட்டைத் திரும்பக் கேக்கிறன்.”

“கேளுங்கோ,” என்றான் அருந்தவன். “போட்டு வாறன்.”

பஸ் அவனை வெரிபீக்குக் கொண்டுபோனது. லீவில்லாமல் வந்ததால் ஃபக்டரியில் அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் நின்றான். கிண்ணத்தை எதிரணி வென்றது. கடையில் இப்போது புதுப் பேச்சு: அன்று வந்தவன் அருந்தவன் இல்லையாம், மெல்பேர்ன்காரர் அனுப்பிய ஆளாம். யோகேஸ்வரன் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் எழும்பி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறான். அடுத்த பொதுக்கூட்டத்தில் பார்ப்போம் என்கிறார்கள். பொதுக்கூட்டம் வந்தால் நிகழ்ச்சி நிரல் நீளம் என்கிறார்கள். அவன் சந்தா கட்டுவதை நிற்பாட்டினான். அதையும் சந்தேகத்தோடு குறித்துவைத்திருக்கிறார்கள்.

அவர்கள் எதைக் குறித்துவைத்தாலும் சரி. மேற்குச் சிட்னி முத்தமிழ் பேஸ்போல் கழகம் அந்தத் தாய்க்கு ஒரு வசனம் கடன். ‘உங்கட மகன் உயிரோட இருக்கிறான், வெரிபீயில இருக்கிறான்’ என்ற வசனம். அது இன்னும் கொடுபடவில்லை.